ஓடு கழற்றும் இரவு

அட்டையில் என் பெயர் கோ ஸின் தூ.
வீட்டில் அரியமுத்து.
சம்பளம் அட்டைக்கு வருகிறது.

பியாப்போனில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடி.
மழைக்காலம். மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
நடுவர்கள் மூன்று பேர்.
வறுமையை ஒழிக்கும் யோசனையோடு
பதினொரு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில்.
ஆளுக்கு ஐந்து நிமிஷம்.
என் வேலை மொழிபெயர்ப்பது,
பிறகு படிவத்தை நிரப்புவது.

முதல் தகராறு விதையில்.
"நாங்கள் தருவது விதைப்பணம்" என்றார் நடுவரம்மா.
பர்மியச் சொல் தேடி நான் தட்டுத்தடுமாறி முடிக்க,
ஏழாம் எண் டோ ஏ மியின் எழுந்தாள்:
"எனக்கு வயல் இல்லை. விதையை வைத்து என்ன செய்ய?
எனக்குப் பெட்டி வேண்டும்."

வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.
உள்ளே ஒரு சேற்று நண்டு,
கொடுக்கிரண்டும் நாரால் கட்டி.
நடுவரம்மா மடிக்கணினியைச் சற்றே நகர்த்திக்கொண்டார்.

அவள் ஊரில் நிலமில்லாத வீடு நாற்பத்தாறு.
அலையாத்திக் காட்டில் ராவெல்லாம் நண்டு பிடிப்பார்கள்.
முன்பணம் தந்த வியாபாரி
விடியுமுன் படகோடு நிற்பான்.
மெலிந்த நண்டு என்று பாதி விலையை அறுப்பான்.
கடன் மட்டும் மெலிந்ததே இல்லை.
அதே நண்டை இருபது நாள் வைத்துத் தீனி போட்டால்
மூன்று மடங்கு.
"ஒரே குட்டையில் விட்டால் என்ன?" என்றார் ஒருவர்.
"தின்றுவிடும்."
"எது?"
"இன்னொன்று."

"ஓட்டைக் கழற்றாமல் நண்டு வளராது, ஐயா.
கழற்றிய ராத்திரி உடம்பு தயிர் மாதிரி.
பக்கத்து நண்டு அதற்குத்தான் காத்திருக்கும்.
அது தாண்டினால் ஓடு இறுகிவிடும்,
அப்புறம் தொடச் சொல்லுங்கள் பார்ப்போம்.
அந்த ராத்திரிக்கு ஒரு பெட்டி.
நான் கேட்பது அவ்வளவுதான்."

இருநூறு பெட்டி. இருபத்திரண்டு லட்சம் கியாட்.
"ஐந்து வருஷத்தில் எத்தனை கிராமம்?"
"ஐந்து வருஷத்தில் எங்கள் கரை எங்கே இருக்குமோ,
அதை ஆற்றிடம் கேளுங்கள்."
நான் சற்று மென்மையாக்கிச் சொன்னேன்:
சூழலைப் பொறுத்தது.

படிவத்தில் பதினான்காம் கட்டம், பிணை.
என் பாட்டனுக்கு அப்பன் இதே பியாப்போனில்
லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையன்.
அவர் நாளில் அந்தக் கட்டம் காலியாய் இருந்ததில்லை:
கம்மல், எருமை, ஆற்றோரம் பதினெட்டு ஏக்கர்.
வட்டி தவறிய வருஷம்
வயல்கள் ஒவ்வொன்றாய்ப் பெட்டிக்குள் வந்து படுத்தன.
அவருக்கு அதில் ஒரு குழியும் இல்லை,
சாவிக்கொத்தின் தழும்பு மட்டும் இடுப்பில்.
டோ ஏ மியினின் முப்பாட்டன் யார், எந்த வயல்,
நான் கேட்கவில்லை. அவளும்.
'இல்லை' என்று எழுதினேன்.
பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது: பாதி.
தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.
"பாதி ராத்திரிக்கா?" என்றாள்.
பிறகு சிரித்தாளா இருமினாளா, பிடிபடவில்லை.

மாசியில் கணக்குப் பார்க்கப் படகில் போனேன்.
நூறு பெட்டி. நடுவே மூங்கில் தட்டி செருகி
இருநூறு அறை.
தட்டி சாய்ந்த இடங்களில்
ஒரு நண்டும் சில கால்களும்.
முப்பத்தொன்று அப்படிப் போயிற்றாம்.
பதினேழு வீடு, வியாபாரியின் படகுச் சத்தம் கேட்டும்
புரண்டு படுத்துக்கொள்கிறது.
மிச்ச வீடுகளின் பெயர்கள்
பழைய காலண்டரின் பின்புறத்தில் வரிசையாய்.
அது எங்களுக்குக் காட்ட எழுதியதில்லை.

நட்டம் என்ற கட்டத்தில் முப்பத்தொன்று போட்டேன்.
மூங்கிலுக்குக் கட்டம் இல்லை.

கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தி
ஒரு பெட்டியருகே உட்காரச் சொன்னாள், பேசாதே என்று.
இருட்டிக்கொண்டு வந்தது.
ஓடு பின்பக்கம் பிளந்திருந்தது.
ஈரமாய், நிறம் கூடாமல்,
எதையும் கடிக்க முடியாத ஒன்று
தனக்குள்ளிருந்து பின்பின்னாக நகர்ந்து
வெளியே வந்துகொண்டிருந்தது.

படகுக்காரன் இரண்டு முறை கூப்பிட்டான்.